அரிசி டிரம்மில் இருந்த போன்

அரிசிக்குள் வைத்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரில் விழுந்ததைக்கூட அரிசியில்தானே போட்டு வைக்கிறார்கள். அதனால் மாரிசெல்வியின் போனை நான் கெடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், வார்டன் மேடம்.

நாலு மணிக்கு எழுந்து விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைத்த அசதி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

போன மாதம் நம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டீச்சர் வந்து பேசினாரே, போன் இல்லாவிட்டால் பதறுகிற பிள்ளைகளைப் பற்றி. கொஞ்சம் பொறுத்திருந்தால் பதற்றம் தானாக அடங்கும் என்றார். மூன்று மணி நேரமா மூன்று நாளா, குழாய்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நாள் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாரிசெல்விக்குத்தான் அந்த நோய் முற்றியிருந்தது. சோற்றுத் தட்டைக்கூட ஒரு கையால்தான் வாங்குவாள். அன்று போனை மேசையில் விட்டுக் கை கழுவப் போனாள். எடுத்தேன்.

“எக்கா, என் செல்லைப் பாத்தியளா? அம்மைக்கு ஆப்பரேசன் சொல்லிருக்கு.”

“யார் போன்லயாச்சும் பேசேன். நம்பர் தெரியாதா?”

“‘அம்மா’ன்னு போட்டு வச்சிருக்கேன். நம்பர் தெரியாதுக்கா.”

பெற்றவள் நம்பர் தெரியாத பிள்ளை. உங்களிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். ஆனால் உங்களிடம் கேட்கவில்லை.

முதல் நாள் அவள் சாப்பாட்டு மேசைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினாள். இரண்டாம் நாள் வாந்தி. ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தேன். அன்று மாலை சார்ஜ் போட டிரம்மிலிருந்து எடுத்தபோது திரையில் ‘அம்மா’ என்று வந்தது. எடுத்தேன்.

“ஏட்டி செல்வி, நாளைக்குக் காலையில ஆப்பரேசன். ஒன் கொரலைக் கேட்டுட்டுப் போனா தெம்பா இருக்கும்.”

எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது.

“அவ படிச்சிகினு கீறாம்மா. தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லச் சொன்னா.”



“சரிம்மா, படிக்கட்டும். சாப்பிட்டாளான்னு மட்டும் பாத்துக்கோ.”

பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அடங்கிவிட்டது என்று நோட்டில் எழுதினேன். மதியம் ஒரகடத்தில் வேலை பார்க்கும் அவள் ஊர்க்காரர் மாசானம், கம்பெனிச் சட்டையோடு வந்து அழைத்துப்போனார். ஆப்பரேசன் மேசையிலேயே அவள் அம்மா போய்விட்டார்களாம்.

போன் இதோ. தினமும் சார்ஜ் போட்டிருக்கிறேன். எனக்கென்று போன் கிடையாது, அதனால் அந்த நோயும் கிடையாது. உங்கள் மேசையிலேயே இருக்கட்டும். திரை மட்டும் என் பக்கம் இருக்கும்படி வையுங்கள். ‘அம்மா’ என்று வந்தால் எடுத்துப் பேச ஆள் வேண்டுமே, மேடம்.