சின்னவருக்கு அரிக்குது

அதான் சொல்றேனே டாக்டர், மாட்டு டாக்டரையெல்லாம் பாத்தாச்சு. பாத்துப் பாத்து அவருக்கே அலுத்துப் போச்சு. இனிமே என்னால ஆகாதும்மா, தோலுக்குன்னு படிச்சவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கன்னு அவர்தான் சொன்னாரு. மனுஷத் தோலா குதிரைத் தோலான்னு பிரிச்சுச் சொல்லல. உங்க வாசல் போர்டுலயும் தோல் நோய்கள்னுதான் இருக்கு. மனுஷங்களுக்கு மட்டும்னு எங்கயாவது போட்டிருக்கீங்களா? எழுந்து போகச் சொல்லிடாதீங்க, காலையில வந்து டோக்கன் வாங்கினேன்.

கூட்டிட்டு வரலையான்னா, எப்படிக் கூட்டிட்டு வர்றது? உங்க மாடிப்படி அவருக்குப் பத்தாது. ஆமா, அவருதான். மரியாதை இல்லாம பேசினா எங்க வீட்டுல சோறு கிடைக்காது. ரெண்டு வயசு ஆண் குட்டி, செம்மண் நிறம். பேரு என்னவோ பெருசா வெச்சாங்க, யாரு வாயிலயும் நுழையல. சின்னவர்னுதான் கூப்பிடறோம். பெரியவர் எங்க வீட்டுக்காரர். குதிரை சவாரி சொல்லிக் குடுக்கறாரு. ஊருக்கு வெளிய லாயம், ஆறு குதிரை, மணல் கொட்டின மைதானம். குதிரைய அவரு பாத்துக்குவாரு, சாணிய நான் பாத்துக்குவேன். அப்படி ஒரு பாகப்பிரிவினை.

சின்னவருக்கு ஒரு வயசு முடிஞ்சப்ப ஆரம்பிச்சுது. முதுகுல மொதல்ல மிளகு தூவின மாதிரி பொறிப் பொறியா வந்துச்சு. அப்புறம் முடி கொத்தா உதிர்ந்துது. அடியில பொருக்கு, பொருக்கு உரிஞ்சா நீர் வடியுது. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு. தூணுல போயி உரசி உரசி, அந்த மரத்தூணு பாலிஷ் போட்ட மாதிரி ஆயிடுச்சு. கொஞ்ச நாள் ஆறும். அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள கழுத்துல கிளம்பும்.

பூச்சிக்கடின்னாரு மாட்டு டாக்டர். உடனே வலை கட்டினாங்க, ஃபேன் மாட்டினாங்க. எங்க ரூம்ல ஓடிக்கிட்டிருந்த ஃபேன்தான், பெரியவர் கழட்டிட்டுப் போயிட்டாரு. எனக்குக் காத்து வேணாமான்னு கேட்டா, ஜன்னல் இருக்குல்லங்கறாரு. சின்னவருக்குந்தான் ஜன்னல் இருக்கு, என்னோடத விடப் பெரிய ஜன்னல். சரி, பூச்சி இல்ல, தீவனம் ஒத்துக்கலன்னாரு மாட்டு டாக்டர். தீவனத்த மாத்தினோம், புல்ல நனைச்சு நனைச்சுக் குடுத்தோம். அதுவும் இல்ல, பூஞ்சைன்னாரு. ஷாம்பூ போட்டு, நுரைய ஊற விட்டு, வெதுவெதுப்பான தண்ணியில அலசணும். தண்ணி யாரு சுட வெக்கறது? நான் பச்சத்தண்ணியில குளிச்சுட்டு அவருக்கு அண்டா அண்டாவா சுட வெப்பேன். கடைசியா தோலச் சுரண்டி சோதனைக்கு அனுப்பினா, ஒண்ணுமே இல்லன்னு வந்துது. ஒண்ணும் இல்லாததுக்கே இந்த ஆட்டம்னா, ஏதாவது இருந்திருந்தா பெரியவர் எங்கள வித்து வைத்தியம் பாத்திருப்பாரு. மாமியார் கண்ணு பட்டுடுச்சுன்னாங்க. அங்கங்க முடி கொட்டி, பழைய சோபா மாதிரி நிக்குது, அதுமேல எவ கண்ணு படும்?

சிரிங்க, சிரிங்க. நான் ஒண்ணும் கரிச்சுக் கொட்டல டாக்டர். நல்ல குட்டி. மொதல்ல மருந்து போட்டதெல்லாம் நான்தான். எரியும்போது கடிக்க வருவான். எரிச்சல் அடங்கினதும் என் தோள்ல மோவாய வெச்சுக்கிட்டு நிப்பான். சாமான்ய பாரமா அது? தோளே எறங்கிப் போகும். ஆனாலும் தள்ளி விட மனசு வராது. பல்லக் கடிச்சுக்கிட்டு நானும் நிப்பேன்.

இப்ப நான் போடறதில்ல. பெரியவரே போடறாரு. ஏன்னா, அது ஒரு கதை, வரேன். லாயத்துலயே கட்டிலப் போட்டுக்கிட்டாரு, சின்னவருக்கு ராத்திரி அரிச்சா தடவிக் குடுக்க ஆள் வேணுமாம். அவரு மருந்து போடறத நீங்க பாக்கணும். ஜில்லுன்னு பட்டா சின்னவர் துள்ளுவாரேன்னு, மருந்த உள்ளங்கையில வெச்சுத் தேச்சு சூடு பண்ணுவாரு. பொருக்கு மேல விரல் படறதே தெரியாது. அவ்வளவுதான் கண்ணா, முடிஞ்சுது கண்ணா, என் தங்கம்லன்னு ஒரே கொஞ்சல். கல்யாணமாகி ஆறு வருஷம். இந்தக் கண்ணாவையும் தங்கத்தையும் இத்தனை நாளா எந்தப் பரண்ல போட்டு வெச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியல.

சவாரி கத்துக்க வர்ற பசங்களோட அப்பா அம்மா ஒரு நாள் கூட்டமா வந்து நின்னாங்க. தொத்துமா சார், எங்க பொண்ணுக்கு வந்துடுமா சார்னு. ஒரு அம்மா மூக்கப் பொத்திக்கிட்டே கேட்டாங்க. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? அத்தனை பேர் முன்னாடியும், சின்னவர் கழுத்துல புண்ணு இருக்கற எடமாப் பாத்து கன்னத்த வெச்சாரு. தொத்தற வியாதின்னா இப்படி வெப்பேனா, பாவம் அதுக்கே உடம்பு சரியில்ல, நாமளும் ஒதுக்கி வெச்சா அது எங்க போகும்னு கேட்டாரு. மூக்கப் பொத்தின அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. நானும் பக்கெட்டோட ஓரமா நின்னு கேட்டேன். என்னமா பேசறாரு மனுஷன்னு அப்படியே மெய்மறந்து போயிட்டேன்.

என்ன டாக்டர், நாற்காலியா? நாற்காலி நல்லாத்தான் இருக்கு. கிறீச்சு கிறீச்சுங்கறது என்னாலதான். ஒண்ணுமில்ல, முதுகு சாஞ்சு உக்காந்தேன். உரசல் எல்லாம் இல்ல. சரி, உரசினேன். பழக்கமாயிடுச்சு.

ஒண்ணு கேக்கட்டுமா? குதிரைகிட்டேருந்து மனுஷங்களுக்குத் தொத்துமான்னு எல்லாரும் கேக்கறாங்க. அதையே திருப்பிப் போட்டா? மனுஷங்ககிட்டேருந்து குதிரைக்குத் தொத்துமா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எந்த மனுஷன்னா, பொதுவாத்தான்.

அந்தக் கதவக் கொஞ்சம் சாத்தச் சொல்லுங்களேன். பொம்பள டாக்டர்தானேன்னு வெளிய நர்ஸ்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் டோக்கன் வாங்கினேன். ஆமா, குதிரைக்கு எதுக்குப் பொம்பள டாக்டர்? நீங்க கெட்டிக்காரங்க. வீட்டுல சின்னவருக்காகப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். எனக்காகன்னா இந்த வெயில்ல எதுக்குன்னு மாமியார் ஆரம்பிப்பாங்க. சின்னவருக்குன்னதும் குடைய எடுத்துக் கையில குடுத்தாங்க.

இந்தாங்க, பாருங்க. தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் இருக்கு. போன மழைக்காலத்துல ஒரு பொட்டு அளவுக்கு வந்துச்சு. அப்புறம் வெள்ளை வெள்ளையா செதில் விட்டுக்கிட்டுப் பரவிடுச்சு. மறைச்சுத்தான் வெச்சிருந்தேன். ஒரு நாள் துணி மாத்தும்போது பாத்துட்டாரு. வலிக்குதான்னு கேக்கல. எப்பலேருந்துன்னும் கேக்கல. மறுநாள் பாத்தா என் துண்டு மட்டும் தனிக் கொடியில கிடக்குது. அவரே காயப் போட்டிருக்காரு டாக்டர். ஆறு வருஷத்துல அந்த மனுஷன் துணி காயப் போட்டது அன்னைக்கு மட்டுந்தான். அப்புறம் சொன்னாரு, நீ சின்னவன்கிட்ட போகாத, அவனே இப்பத்தான் தேறிட்டு வரான், உங்கிட்டேருந்து தொத்திடப் போகுதுன்னு. கட்டிலு லாயத்துக்குப் போனதும் அன்னைக்குத்தான்.

எனக்குப் பொறாமை டாக்டர். சொன்னா காறித் துப்புவாங்க, ஒரு குதிரையப் பாத்துப் பொறாமை. புண்ணுன்னாலே அருவருக்கற ஆளா இருந்தா மனசத் தேத்திக்குவேன், அவரு சுபாவம் அப்படின்னு. அந்த நீர் வடியற எடத்துல வெச்சாரே டாக்டர் கன்னத்த. அருவருப்பே கிடையாது அவருக்கு. அதத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கு மேல ஒரு பயம். ஒருவேளை அவரு சொல்றது நெஜமோ, ஆறி வந்தத நான்தான் தொட்டுத் தொட்டுத் திருப்பி வர வெச்சேனோன்னு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னப் பாத்துக் கனைக்கறான். எங்கடி போயிட்டேன்னு கேக்கற மாதிரியே இருக்கு. நான் காது கேக்காத மாதிரி சாணிய வாரிட்டு வந்துடறேன்.

தொத்தாதா? என்ன டாக்டர், பாத்த உடனே சொல்றீங்க, சுரண்டிப் பாக்க வேணாமா? யாருக்குமே தொத்தாதா? குதிரைக்கும்? இன்னொரு தடவ சொல்லுங்க. அழலையே. உங்க ஃபேன் காத்து நேரா கண்ணுல அடிக்குது, எனக்குப் பழக்கம் விட்டுப் போச்சு.

சின்னவருக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? பரவாயில்ல, அது யாருக்கும் தெரியாது. எனக்கு எழுதுங்க. ராத்திரியில தடவணுமா? எட்டற வரைக்கும் போட்டுக்குவேன். நடு முதுகுக்குத்தான் கை போகாது. கரண்டிக் காம்புல துணியச் சுத்திப் பாத்தேன், பாதி சுவத்துல போயிடுச்சு. வீட்டுல தடவி விட ஆளா? இருக்காரு. இந்தச் சுத்து வட்டாரத்துலயே அவர மாதிரி மருந்து போட ஆள் கிடையாது.

தொத்தாதுங்கறதையும் அந்தச் சீட்டுலயே எழுதிடுங்க டாக்டர். நான் சொன்னா நம்ப மாட்டாரு. கீழ வேணாம், மேல, மொத வரியில. எனக்கு என்ன வியாதின்னு அப்புறம் எழுதிக்கலாம். இதனால குதிரைக்கு ஒரு ஆபத்தும் இல்லன்னு ஆரம்பிங்க. குதிரைன்னு இருந்தாத்தான் அவரு முழுசாப் படிப்பாரு.