குட்டிக் குதிரைகளை வண்டியிலிருந்து கழற்றிய கதை

தலைமையேற்றிருக்கும் பந்தயக் குழுத் தலைவர் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி அவர்களே! சாரலில் நனைந்தும் சலிக்காமல் சாலையோரம் நிற்கும் சான்றோர்களே! பிள்ளைகளை இடுப்பில் ஏற்றி வந்திருக்கும் தாய்மார்களே! சுரண்டையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் குதிரைகளோடு வந்திருக்கும் குணக்குன்றுகளே! வணக்கம்.

மற்ற ஊர்ப் பந்தயங்களில் குதிரை ஓடும்; மனிதர் வண்டியில் உட்கார்ந்திருப்பார். நம் மேலகரத்திலோ, இரண்டு வயதுக் குட்டிகளின் பந்தயத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரரும் கூடவே ஓடுகிறார்! ஏன்? இது எப்படி வந்த வழக்கம்? "தொப்பையக் குறைக்கவா?" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. ஐயா, அப்படியானால் நீங்களும் நானும்தான் முதலில் ஓட வேண்டும்!

முதலாண்டில் இந்தக் குட்டிகளும் வண்டிதான் இழுத்தன; ஓடியவை இரண்டே வண்டிகள். முன்னே பறந்தது நம்மூர் இராமலட்சுமியின் செவலைப் பெண்குட்டி. பின்னே பாய்ந்தது செங்கோட்டை கிதிர் முகம்மதுவின் கறுப்புக் குட்டி. எல்லைக்கோடு கண்ணில் தெரிகிறது. "ஏட்டி, விடாத! அடிச்சு ஓட்டு!" என்று கூட்டம் கத்துகிறது. அப்போது செவலை நொண்டியது.

இராமலட்சுமி சாட்டையை ஓங்கினாரா? இல்லை. கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார், குதித்தார், குட்டியை வண்டியிலிருந்து கழற்றினார்.

இனி கிதிர் முகம்மதுவுக்குத் தடையேது? ஆனால் அவரும் நிறுத்தினார்.

"என்னம்மா தங்கச்சி, என்ன ஆச்சு?"

"முன்னங்கால் நோவுது அண்ணாச்சி. தொட்டாலே இவ உதறுதா. நீங்க போங்க, ஜெயிச்சிருவிய."

அவர் இறங்கித் தம் குட்டியின் காலைத் தடவிப் பார்த்தார். "இவனுக்கும் கால் சுடுதே, நோவுதான்! இனி எங்கன போக?" என்று அவரும் கழற்றிவிட்டார்.

கூட்டம் கூச்சலிட்டது. நம் தலைவர் கொதித்தார். அண்ணாச்சி, சிரிக்காதீர்கள், நானும் அங்கேதான் நின்றேன்! "இந்தக் கோப்பைய நான் யார் கையில குடுக்க?" என்றார்.

இராமலட்சுமி சொன்னார்: "யாருக்கும் வேண்டாம் அண்ணாச்சி. இதுகளுக்கு ஓடத்தான் ஆச. எலும்பே இன்னும் முத்தல. நம்மளயும் சேத்து ஏன் இழுக்கணும்?"

தலைவர் கால்நடை மருத்துவரை வரவழைத்தார். அவரும் அதையே சொன்னார். மறு ஆண்டு தலைவரே விதியை மாற்றினார்: வண்டி கிடையாது, சாட்டை கிடையாது, தூரமும் குறைவு, ஓட்ட நினைப்பவர் தாமும் ஓட வேண்டும்! செவலை குணமாகி, வளர்ந்து, இன்று பெரிய குதிரைகளின் பந்தயத்தில் பாய்கிறது.

வென்றவரைக் கொண்டாடும் பந்தயங்கள் எத்தனையோ உண்டு. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஒரு வாயில்லா உயிரின் வலியைக் கண்டு இருவர் இறங்கி நின்றார்களே, அந்த இடத்தில் பிறந்தது நம் பந்தயம்! இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும் நமக்கு?

அதோ, குட்டிகள் வருகின்றன. சற்றே ஒதுங்கி நில்லுங்கள். விசில் வேண்டாம், மிரளும். கைதட்டலைச் சேர்த்து வைத்து, ஓடிக் களைத்து வரும் மனிதர்களுக்குக் கொடுங்கள்! மழையிலும் என் பேச்சைக் கேட்டு நின்ற உங்கள் அன்புக்கு நன்றி, வணக்கம்!