உப்புப் பெட்டி

கோல்கீப்பர் என்றால் உயரமாக இருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் உயரமில்லை, மேடம். இன்று காலை நீங்கள் விசாரணைக்காக ஆய்வகத்துக்குள் வந்து, கம்பெனி அணியின் கீப்பர் கவிப்பிரியா எங்கே என்று என்னிடமே கேட்டீர்கள். பரவாயில்லை. எல்லோரும் கேட்பதுதான்.

தணிகாசலம் சாரின் பட்டறையிலிருந்து வந்த பாகங்கள் எங்கள் ஆய்வகத்தில் மட்டும் ஏன் துருப்பிடித்தன என்று கேட்டீர்கள். அதே பாகங்கள் கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் நன்றாகவே இருந்தன என்றும் சொன்னீர்கள். எனக்குப் பேச வராது, அதனால் எழுதித் தருகிறேன். கால்பந்தில் தொடங்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் படப்பைக்கு உள்ளே ஒரு கிராமம். தண்டலம் பக்கம் கல்லூரியில் வேதியியல் படித்தேன். உறவினர்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். அவர்கள் கிளம்பும் வரை வெளியே வரமாட்டேன். ஒரகடத்தில் இந்த வேலை கிடைத்தபோது சந்தோஷமாக இருந்தது. வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சோதிக்கும் வேலை. பாகங்கள் பேசாது.

எங்கள் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருபவர் லைன் சூப்பர்வைசர் நரசிம்மன் சார். பழைய கீப்பர் கல்யாணமாகிப் போனதும் அவர் ஆய்வகத்துக்கு வந்தார்.

"ஓடவே வேணாம் மா. கம்பத்துக்கு நடுவுல நிக்கணும், அவ்ளோதான். உனக்குத்தான் சும்மா நிக்க நல்லா வருதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் போய் நின்றேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, கீப்பர் சும்மா நிற்க முடியாது. தடுப்பாட்டக்காரர்களின் முதுகுதான் அவளுக்குத் தெரியும். பந்து எந்தப் பக்கம் வருகிறது, யாரை விட்டுவிட்டார்கள் என்று அவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் கத்தியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டிலோ பேருந்திலோ ஆய்வகத்திலோ எனக்கு அந்தக் குரல் வந்ததில்லை. மைதானத்தில் மட்டும் வந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் வருவதெல்லாம் இதனால்தான்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குள் வருடா வருடம் லீக் நடக்கும். பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் புல் மைதானம் உண்டு. தணிகாசலம் சாருக்கு ஒரு ஷெட்டும் பக்கத்தில் விலைபோகாத ஒரு மனையும்தான். இரும்புத் தாங்கிகளுக்குத் துத்தநாகப் பூச்சு போட்டு எங்களுக்கு அனுப்புவார். இளம் வயதில் ஆடியவர். தெற்கிலிருந்து ஆடத் தெரிந்த பெண்களாகப் பார்த்து வேலைக்கு எடுப்பார், தினமும் முட்டை போடுவார். அந்த மனையில் பழகிய பெண்கள்தான் எல்லோரையும் தோற்கடித்தார்கள்.

அவர்களில் இருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாரிசெல்வி முன்கள ஆட்டக்காரி. வேல்விழி கீப்பர். இருவரும் சங்கரன்கோவில் பக்கம், ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்.

போன வருடம் அவர்களிடம் நான்கு கோல் வாங்கினேன். நான்கும் மாரிசெல்வி அடித்தது. ஆட்டம் முடிந்ததும் அவள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"யக்கா, நாங்க அடிக்கதுக்கு முன்னாடியே நீங்க இடது பக்கம் சாயுதீய. வேல்விழி காலையிலயே சொல்லிட்டா."

வேல்விழி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "அதப் போயி அவங்ககிட்டயே சொல்லுவியா மூதி? தப்பா எடுத்துக்கிடாதீயக்கா. கீப்பருக்குத்தான் கீப்பர் தெரியும்."

பிறகு என் அருகில் நின்று, காலை எப்படி வைத்தால் உடம்பு சாயாது என்று காட்டிக்கொடுத்தாள். எதிரணிக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அவள் கை என் கையைவிட நீளம். நரசிம்மன் சார் கோட்டுக்கு வெளியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

இந்த வருடம் புதிதாக வந்த ஆலை மேலாளர், அணி இறுதிப் போட்டிக்குப் போகாவிட்டால் மைதானத்தை லாரி நிறுத்த எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். கோல் அடிக்க எங்களுக்கு ஆள் இல்லை. லீக்குக்கு ஆட்டக்காரர்களைப் பதியும் நாள் முடிவதற்கு முன்பே, பொங்கலுக்கு முன்னால், நரசிம்மன் சார் என்னை மாரிசெல்வியிடம் அனுப்பினார். இங்கே சம்பளம் அதிகம், கேண்டீன் உண்டு, பஸ் உண்டு என்று மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன்.

"எங்க சாரு ரெண்டு மாசமா சம்பளத்தப் பாதி பாதியாத்தான் தாராவ," என்றாள். "ஆனா முட்டைய நிறுத்தல. அவியள விட்டுட்டு எப்படிக்கா வர?"

பொங்கலோடு பதிவு முடிந்தது. அதற்குப் பிறகு எந்த அணியும் புதிதாக ஆள் சேர்க்க முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு கம்பெனி நொடித்துப்போய் அணியைக் கலைத்துவிட்டால், அந்தப் பெண்களை மட்டும் நடுவிலும் சேர்த்துக்கொள்ளலாம். ஓர் அணிக்கு இரண்டு பேர் வரை. சேர்க்கும் கம்பெனி வேலையும் தர வேண்டும். பெண்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று யாரோ இரக்கப்பட்டு எழுதிய விதி.

ஒருநாள் டீ குடிக்கும்போது நரசிம்மன் சார் சொன்னார். "தணிகாசலத்துக்கு நம்ம ஆர்டர் ஒண்ணுதான் இப்ப கீது. அதுவும் பூட்ச்சுனா ஷட்டரு சாத்த வேண்டியதுதான். பாவம் மனுசன்."

அவர் பாவம் என்றுதான் சொன்னார். வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இதில் அவருக்குப் பங்கில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. உப்புப் பெட்டி என்போம். உப்புக் கரைசலைப் பனிபோல உள்ளே தூவும். பூச்சுப் போட்ட பாகங்களை அதற்குள் நாள்கணக்கில் வைத்திருப்போம். குறித்த நேரத்துக்கு முன் செந்துரு வந்தால் மொத்த லோடும் திரும்பிப் போகும். கரைசல் அமிலமாகவும் இருக்கக் கூடாது, காரமாகவும் இருக்கக் கூடாது. கரைப்பதும் அளப்பதும் நான்தான்.

தணிகாசலம் சாரின் அடுத்த லோடு வந்தபோதும் அளந்தேன். சரியாக இருந்தது. சரி என்று பதிந்தேன். அதன் பிறகு, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் கொஞ்சம் ஊற்றினேன். புளிப்பில் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும். கல்லூரியில் இரண்டாம் வருடப் பாடம். பெட்டியில் அப்போது தணிகாசலம் சாரின் பாகங்கள் மட்டும்தான் இருந்தன. வேறு யாருக்கும் பாதிப்பு வரக் கூடாது என்று காத்திருந்துதான் செய்தேன்.

நான் எண் எதையும் மாற்றவில்லை, மேடம். பதிந்தபோது அது உண்மையான அளவு. வந்ததும் உண்மையான துரு. படம் எடுத்து அனுப்பினேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது லோடும் திரும்பியதும் தணிகாசலம் சாரே வந்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன். துருவை விரலால் தொட்டார், மோந்து பார்த்தார்.

"இன்னா மா இது, ஊறுகா வாசன அடிக்குது?"

"பக்கத்துல கேண்டீன் சார்."

வாயால் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"பதினஞ்சு வருசமா இதே பூச்சுதான் மா போட்டுக்கினு கீறேன். ஒரு பீஸு திரும்பினதில்ல. எங்க தப்பு நடக்குதுன்னே பிரியல. நீ படிச்ச பொண்ணு, இன்னா பண்ணலாம் சொல்லு."

பூச்சுத் தொட்டியில் இருக்கும் கரைசல் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பிப் பாருங்கள் என்றேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியும். அவர் தலையாட்டினார். "இந்த ஆபீஸ்ல நீ ஒருத்திதான் மா குந்த வச்சு மரியாதையா பேசுற," என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் புதுக் கரைசல் நிரப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாவது லோடும் துருப்பிடித்தது. ஆர்டர் நின்றது.

ஷெட்டை மூடுவதற்கு முன்பே அவர் அணியைக் கலைத்தார். முதலில் கலைத்தால்தான் பெண்களை வேறு கம்பெனிகள் சேர்த்துக்கொள்ள நேரமிருக்கும் என்று. பாகங்கள் ஏற்றி வரும் அதே குட்டியானை வண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு மைதானம் மைதானமாகப் போனார். எங்கள் மைதானத்தில் மாரிசெல்வியையும் வேல்விழியையும் இறக்கினார். என்னைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி.

"நம்ம பொண்ணுதான் கீது. ரெண்டு எடம் கீதாமே மா. ரெண்டும் ஒரே ரூம்ல இருந்த பசங்க. பிரிச்சுடாதீங்க."

அவர் போன பிறகு நரசிம்மன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பதிவு வேலைகள் என் பொறுப்பு. "அந்தக் கீப்பர் பொண்ணு சூப்பரா புடிக்குது. ரெண்டையும் போட்டுக்கலாமா?"

கீப்பர் இருக்கிறாள், இரண்டாவது இடத்தைத் தடுப்பாட்டக்காரிக்கு வைத்துக்கொள்வோம் என்றேன். நான் மறுத்துப் பேசி அவர் கேட்டதே இல்லை. ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி மா, உன் இஷ்டம்," என்றார்.

வேல்விழியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அதுவுஞ் சரிதான். ரெண்டு கீப்பர வச்சு என்ன செய்ய? ஆளுக்கொரு கம்பத்துல சாஞ்சிக்கிட்டா நிக்க முடியும்?" என்றாள். பிறகு மாரிசெல்வியைத் தள்ளிவிட்டாள். "நீ போடீ. போயி நல்லா சாப்பிடு. எனக்கும் சேத்து ஒரு முட்ட வாங்கிட்டு வா."

தடுப்பாட்டக்காரி யாரையும் நாங்கள் தேடவில்லை.

வேல்விழி ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. உள்சாலையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு சின்னப் பிரஸ் பட்டறையில் சேர்ந்தாள். கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காமல் நிற்க ஒரு சென்சார் இருக்கும். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அங்கே அதை அணைத்து வைத்திருந்தார்கள். சேர்ந்த மாதமே அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

இதற்கு நான் காரணமில்லை என்று கொஞ்ச நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்சாரை அணைத்தது நான் இல்லை. அந்தப் பட்டறையில் சேரச் சொன்னதும் நான் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. துரு உண்மையான துரு என்று சொல்லிக்கொண்டதைப் போல.

அவளை மருத்துவமனையில் போய்ப் பார்க்கவில்லை. பாதி வழி, சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோவில் போய், அங்கேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் மாரிசெல்வி ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வேல்விழியின் கையுறைகள் இருந்தன.

"உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. உங்களுக்குப் பெருசா இருக்குமாம், உள்ள துணிக்கையுற போட்டுக்கிடணுமாம். பைனல்ல இடது பக்கம் சாயக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாக்கா."

சொல்லும்போது அவள் அழவில்லை. நானும் அழவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. வந்ததிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் அடிக்கிறாள், ஒவ்வொரு கோலுக்கும் பின்வரிசை வரை ஓடிவந்து என்னைத்தான் முதலில் கட்டிப்பிடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறுதிப் போட்டி ஆடுகிறோம்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அணிக்காக என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மைதானம் லாரிகளுக்குப் போயிருக்கும், எங்கள் பெண்களுக்கு ஆட இடம் இல்லாமல் போயிருக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவ்வளவு தூரம் எழுதிய பிறகு காலியாகவே விட்ட அந்த இரண்டாவது இடத்தைத் தாண்டி எழுத முடியவில்லை. இன்னொரு பெயரைச் சேர்க்க எனக்கு எந்தச் செலவும் இல்லை. இரண்டு பேரையும் எடுத்திருந்தால் அணி இன்னும் பலமாக இருந்திருக்கும். வேல்விழிக்கு வேலையும் விரல்களும் இருந்திருக்கும். நான் மட்டும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். அங்கே உட்கார்ந்திருப்பவள் கத்த வேண்டியதில்லை.

தணிகாசலம் சாரின் பாகங்களில் எந்தக் குறையும் இல்லை. மூன்று முறையும் அமிலம் ஊற்றியது நான்தான். அவர் தொழிலைக் கெடுத்தது நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திட்டுத் தருகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நடவடிக்கையைத் திங்கட்கிழமை தொடங்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் மைதானத்தில் இருக்க வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை, மேடம். அணிக்கு வேறு கீப்பர் இல்லை.