தூக்க வந்தது, இறக்க வரல

அதத்தாங்க நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! இரும்பெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க, இது வீடா பட்டறையான்னு. கேட்டாரா? மனுஷன் கேட்டாரா? உள்ள வாங்க, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு. நீங்க கீழ குடி வந்து ரெண்டு வாரந்தான் ஆகுது, அதுக்குள்ள மாடியேறி வந்து சண்டை போட வெச்சுட்டோமே, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. சண்டை இல்லையா? சரி, சண்டை இல்ல. ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு வந்து அப்பத்தான் கண்ண மூடறீங்க, ஆறு மணிக்கு டாண்ணு உங்க தலைக்கு மேல தொம்முனு ஒரு சத்தம், விளக்கு ஆடுது. இன்னிக்கும் ஆடிச்சு. அவ்வளவுதானே? நியாயம். நானா இருந்தா மொத நாளே வந்திருப்பேன்.

எல்லாம் எங்க வீட்டுக்காரரால வந்தது. அவரு யாருன்னு நினைக்கறீங்க? வாட்ச் ரிப்பேர்! நாள் முழுக்க ஒத்தக் கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு, எறும்பு முட்டை சைஸ் திருகாணிய இடுக்கில புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவரு கையில ஏறின பெரிய வெயிட்டே சுவர்க்கடிகாரந்தான். அந்த மனுஷனுக்கு நாப்பத்தெட்டு வயசுல ஒரு நாள் கண்ணாடில தோள் தெரியலையாம். தோள் எங்கயும் ஓடிப்போகல, சட்டைக்குள்ளதான் இருக்கு, அதோட சைஸே அவ்வளவுதான்னேன். பொசுக்குனு கோவம் வந்துடுச்சு. மறுவாரமே கம்பி, தட்டு, கிளிப்புன்னு அறுபது கிலோ வந்து எறங்குது! கொண்டாந்தவரு ரெண்டு எடத்துல உக்காந்து மூச்சு வாங்கினாரு. இவரும் கூடவே ஏறி வந்தாரு, ரசீத தூக்கிக்கிட்டு.

அப்புறம் ஒரு பேப்பர். 'புதிதாகத் தொடங்குபவர்களுக்கு'ன்னு மேல பெருசா போட்டு, பிரிட்ஜ் கதவுல ஒட்டினாரு. வாரத்துக்கு மூணு நாள், மொத வாரம் வெறும் கம்பி, அப்புறம் வாரா வாரம் ரெண்டரை கிலோ ஏத்திக்கிட்டே போகணுமாம். எட்டு விதமா தூக்கலாம், அதுல தேவையானத எடுத்துக்கோங்கன்னு போட்டிருக்கான். இவரு மூணு நாள் உக்காந்து தேர்ந்தெடுத்தாருங்க. என்னக் கட்டிக்கறதுக்குக்கூட அவ்வளவு யோசிக்கல! உக்காந்து எழுந்திரிக்கறதா, முட்டி போயிடும், வேணாம். மல்லாந்து படுத்துத் தள்ளறதா, கழுத்துல விழுந்துடும், வேணாம். தரையில இருந்து எடுக்கறதா, முதுகு புடிச்சுக்கும், அதுவும் வேணாம். கடைசில மிஞ்சினது என்ன? நின்ன எடத்துல நின்னுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி, கைய மட்டும் மடக்கி மடக்கி... அதுலயும் மூணாம் நாள் சுளுக்கு. மறுநாள் கடையில இடுக்கிய எடுத்தா கை வெடவெடன்னு ஆடுதாம். யாரோ ஒரு அம்மாவோட வாட்ச் முள்ளு பறந்து போயி, ரெண்டு பேரா தரையில தவழ்ந்து தேடியிருக்காங்க. அன்னியோட சரி. இரும்பு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு, இவரு கண்ணாடிப் பக்கமே போறதில்ல.

...என்னங்க? ம்... அவரு விட்டுட்டாருன்னா அப்ப யாருன்னா... இல்லங்க, அது வந்து... அவருகிட்டயே பேசறீங்களா? அவரு எங்கங்க இருக்காரு, அவங்க அக்கா வீட்டுக்குப் போயி ஒரு வாரம் ஆச்சே...

ஐயோ.

சரி. உக்காருங்க. உக்காருங்கன்னா. நாந்தான்.

சிரிக்காதீங்க! நாப்பத்தஞ்சு கிலோ. மொத வாரம் வெறும் கம்பியத் தூக்கவே இந்த மூஞ்சி எப்படிக் கோணிச்சுன்னு எனக்குத்தான் தெரியும். எட்டுல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். தரையில கிடக்கறத எடுக்கறது. கை திரண்டா என்ன, தோள் விரிஞ்சா என்ன, ஸ்கூல் ஆபீஸ்ல டிசி எழுதறவளுக்கு அதெல்லாம் எதுக்கு?

மெதுவா சொல்றேன், எங்க மாமா பக்கத்து ரூம்ல படுத்திருக்காரு. இவரோட அப்பா. நாலு மாசம் முன்னாடி பாத்ரூம்ல விழுந்துட்டாரு. வீட்ல நான் மட்டுந்தான். ஒல்லியான மனுஷன், அம்பத்தெட்டு கிலோ. அசைக்க முடியலையே என்னால! கக்கத்துல கைய குடுத்து இழுத்தேன், வழுக்குது. நான் இழுக்க, அவரு வலியில கத்த... ஒத்தத் துண்டோட ஈரத் தரையில முக்கா மணி நேரம் கிடந்தாரு. கடைசில வாட்ச்மேனும், எதிர்வீட்ல பைப் மாட்ட வந்த ரெண்டு பேரும் வந்து தூக்கினாங்க. நல்ல மனுஷங்க, பூப்போலத்தான் தூக்கினாங்க. ஆனா மாமா மூஞ்ச செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. முப்பது வருஷம் பஸ் டிப்போல நின்னுக்கிட்டு டிரைவருங்கள அதட்டின ஆளுங்க. அதுக்கப்புறம் நாலு நாள் குளிக்கவே மாட்டேன்னுட்டாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே அவர வெளியாளுங்க தூக்கக் கூடாது.

கொட்டாவி விடறீங்களே... இதோ முடிச்சுடறேன். எப்படி விழுந்தாருன்னு நீங்க கேக்கல. எல்லாரும் கேட்டாங்க. கால் மரத்துப்போச்சுன்னு சொல்லிட்டாரு. பெத்த பையன்கிட்டயும் அதேதான். காலும் மரத்துப்போகல, ஒண்ணும் போகல. நான் பாத்ரூம் தரையில சோப்புத்தூள் போட்டுத் தேச்சுட்டு, தண்ணி ஊத்தப்போற நேரத்துல போன் வந்துச்சு. எங்க அக்கா. பேசினேன். பேசிக்கிட்டே இருந்தேன்... என் வாயப் பத்தி இந்தக் கொஞ்ச நேரத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு உள்ள போனதும் தெரியல, விழுந்ததும் கேக்கல. 'ஏம்மா, ஏம்மா'ன்னு என்னத்தான் கூப்பிட்டிருக்காரு. இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டலைங்க. நாலு திட்டு திட்டியிருந்தா எவ்வளவோ தேவலாம்.

இப்ப தூக்கறதெல்லாம் வந்துடுச்சு. இறக்கத்தான் வரல. அந்தப் பேப்பர்ல, மூணு எண்ணிக்கிட்டே மெதுவா இறக்கணும்னு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான். நான் மேல இருக்கற படத்த மட்டும் பாத்துட்டு ஆரம்பிச்சுட்டேன். இடுப்பு வரைக்கும் ஜம்முனு வருது, அதோட கை விட்டுடுது... தொம்! உங்க விளக்கு ஆடுது. மெத்தையெல்லாம் விரிச்சுத்தான் பாத்தேன், இதோ கிடக்கு பாருங்க, இரும்பு சரியா அதத் தாண்டிப்போயி விழுது! விளக்கு ஆடினா ஆடட்டும்... கோவிச்சுக்காதீங்க, எனக்கு அது கவலை இல்ல. ஒரு மனுஷன அப்படிப் போட முடியுமா? அத நினைச்சுத்தான் எனக்குத் தூக்கமே வரல.

அதுவுமில்லாம இரும்பு வேற, ஆள் வேற. இரும்பு வழுக்காது, கூச்சப்படாது, புடிக்க வாகா கம்பிய நீட்டிக்கிட்டு கிடக்கும். ஒரு ஆளத் தூக்கிப் பாத்தாத்தான்... ஏங்க, நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க? சும்மா சொல்லுங்க. அம்பது? அம்பத்திரண்டு? ஒரே ஒரு தடவ. இந்த மெத்தையில படுத்துக்கோங்க. தூக்கம் வருதுன்னுதானே வந்தீங்க, படுக்கறதுக்கு என்ன! தலைகாணிகூடத் தரேன்... ஏங்க... ஏங்க! படி பாத்து எறங்குங்க! விழுந்து வெக்காதீங்க, எனக்கு இப்போதைக்கு நாப்பத்தஞ்சுதான்!

...ம்? என்ன மாமா, எழுந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல, கீழ்வீட்டு அம்மா, சும்மா பேசிட்டுப் போக வந்தாங்க... எல்லாத்தையுமா கேட்டீங்க?

மெத்தையில எதுக்கு உக்காருறீங்க? ஐயோ, வேணாம் மாமா. சொன்னா கேளுங்க. இன்னும் ஆறு வாரம் போகட்டும், அறுபது வந்துடட்டும். கீழ போட்டுட்டேன்னா? ... நீங்க பரவால்லன்னுடுவீங்க, எனக்குப் பரவால்லையா?

...

சரி. சரி மாமா. கைய இப்படி என் கழுத்தச் சுத்திப் போட்டுக்கோங்க. கால நல்லா ஊனிக்கோங்க, நீங்களும் கொஞ்சம் எழும்பணும். மேல கொண்டாந்துடுவேன், பயமில்ல. இறக்கறப்ப மூணு நீங்க எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க.

நான் வாயே திறக்க மாட்டேன்.