வஜீஹின் அறை

வடக்குப் பக்கம் ஜன்னல் இல்லாத வீட்டில் ஆகஸ்ட் மாதம் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது முழுதாகப் புரியும், ஐயா. உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். நீங்களும் ஒரு காலத்தில் கையில் சட்டப் பட்டத்தோடும் தலைக்கு மேல் கூரையில்லாமலும் கெய்ரோவுக்கு வந்தவராகத்தான் இருப்பீர்கள்.

நான் தமன்ஹூரிலிருந்து வந்தேன். அப்தீனில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். மாதக் கடைசியில் அவர் கொடுத்ததைச் சம்பளம் என்று சொன்னால் சம்பளம் கோபித்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு வீடு தேடினேன். ஸக்லூல் என்ற தரகர் என்னைத் தெருத்தெருவாக அழைத்துப் போனார். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான். என்ன வேலை? வக்கீல் என்றதும் கதவு மெதுவாக, மரியாதையாகச் சாத்தப்படும்.

"வேற ஏதாவது தொழில் சொல்லுப்பா," என்றார் ஸக்லூல். "திருடன்னு சொன்னாக்கூட முன்பணம் வாங்கிட்டு விட்ருவாங்க. வக்கீலுக்கு வீடு விட்டா, அப்புறம் வீட்டுக்காரன்தான் தெருவுக்கு வரணும்."

ஒரே ஒருவர் மட்டும் சம்மதித்தார். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. "நீதிபதி முன்னால குனிஞ்சுதானே நிக்கணும்? இப்பவே பழகிக்கோ," என்றார் அவர். நான் அலுவலகச் சோபாவுக்கே திரும்பிப் போனேன். அதன் நீளம் என் முழங்கால் வரைதான் வரும்.

ஹாஜ்ஜா இக்பால் அந்த அலுவலகத்துக்குத்தான் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அக்கார்டியன் வாசித்து வாசித்து இடது தோள் சற்றே இறங்கியிருக்கும். அவளுடைய ஒரே மகன் வஜீஹ் லிபியாவுக்கு வேலைக்குப் போனவன். அங்கே சண்டை மூண்ட பிறகு தகவலே இல்லை. மூத்த வக்கீல் அவளை என் பக்கம் தள்ளிவிட்டார். கட்டணம் கொடுக்க முடியாதவர்களை அவர் எப்போதும் என் பக்கம்தான் தள்ளுவார்.

அவள் என்னையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுலதான் தூங்குறியா?"

"தற்காலிகமாத்தான், ஹாஜ்ஜா."

"காலை எங்க வெப்ப? பீரோவுலயா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்கிட்ட காசு கிடையாது, வக்கீலு. என் புள்ளையத் தேடிக் குடு. சமையக்கட்டு பால்கனியில ஒரு கட்டில் போட்டுத் தரேன். சோறும் உண்டு. கால நீட்டிக்கலாம்," என்றாள்.

அவள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. உயரமான கூரை, இரண்டு படுக்கையறை, கூடத்தில் வண்ணக் கண்ணாடிக் கதவு. எல்லாம் பழைய வாடகைச் சட்டத்தில் வருவது. அவள் கணவர் காலத்தில் பேசிய வாடகையே இன்றும். தெருக்கடையில் ஒரு தட்டு குஷரிச் சோறு அதைவிட விலை அதிகம். குடியிருப்பவர் இறந்தால், கூடவே வாழும் கணவனுக்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ வீடு போகும். அப்படி யாரும் இல்லையென்றால் வீட்டுக்காரருக்குத் திரும்பிவிடும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நான் உண்மையாகவே தேடினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். லிபியாவிலிருந்து திரும்பியவர்களைக் காப்பிக் கடைகளில் தேடிப் பிடித்து விசாரித்தேன். பெங்காஸியில் ஒரு வஜீஹைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அதைச் சொன்னபோது ஹாஜ்ஜா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே என் கட்டிலைப் பால்கனியிலிருந்து கூடத்துக்கு நகர்த்தச் சொன்னாள். "வேலை பாக்குற புள்ள குளிர்ல கிடக்கக் கூடாது," என்றாள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எதுவும் கிடைக்கவில்லை. முலுகிய்யாக் கீரைக் குழம்பில் உப்புக் குறைந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்காராமல் சமையற்கட்டிலேயே நின்று சாப்பிடத் தொடங்கினாள். ஒரு மனிதர் கண்ணெதிரில் இப்படி வாடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் திரிப்போலியில் அவன் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்வதாகச் சொன்னேன். புருவத்தில் தழும்பு இருப்பதாகவும் சொன்னேன். தழும்பு அவள் மாட்டியிருந்த புகைப்படத்திலேயே இருந்தது.

அவள் வஜீஹின் அறையைத் திறந்து, அவனுடைய படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டாள்.

"அவன் வர்ற வரைக்கும்," என்றாள். "வந்ததும் எழுந்து ஓடணும், சொல்லிட்டேன்."

அந்த அறைக்கு வடக்கு ஜன்னல். முதல் நாள் அங்கே படுத்தபோது காற்று வந்து காதில் ஏதோ சொல்வது போல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வழக்குகளைப் பற்றி நினைக்காமல் தூங்கினேன்.

அதற்கடுத்த வசந்தத்தில் ஒரு மரச்சாமான் வியாபாரியின் வழக்குக்காக, கெய்ரோவிலிருந்து சில மணி நேரத் தூரத்திலிருக்கும் தமியெத்தா நீதிமன்றம் போயிருந்தேன். வராந்தாவில் சேவகர் சாட்சிகளின் பெயரைக் கூவினார். வஜீஹ் ஸப்ரி அல்-மன்யாவி. அந்தப் பெயரை நான் அதற்குள் பலரிடம் பலமுறை சொல்லியிருந்தேன். எழுந்தவனின் நகங்களில் வார்னிஷ் படிந்திருந்தது. புருவத்தில் தழும்பு இருந்தது.

வழக்கு முடிந்ததும் டீக்கடைக்கு அழைத்துப் போனேன். உன் அம்மா வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதான். லிபியாவிலிருந்து திரும்பி வந்து சில வருடமாகிவிட்டதாம். பட்டறையில் பாலிஷ் வேலை. கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள்.

"பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஏன் போகல?" என்றேன்.

"லிபியா போறப்ப அம்மா வளையலை எடுத்துட்டுப் போனேன், அண்ணே. கேக்காம. அத மாதிரி ஒண்ணு செஞ்சு எடுத்துக்கிட்டுத்தான் வாசப்படி மிதிக்கணும்னு இருந்தேன். அது கை கூடல." பிறகு கேட்டான். "அம்மா இன்னும் என்னைத் திட்டுதா?"

ஹாஜ்ஜா அந்த வளையலைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசியிருந்தாள். "வளையல் போனா என்ன, கை இருக்குல்ல," என்று.

நான் வஜீஹைப் பார்த்தேன். அவன், அவன் மனைவி, இரண்டு பெண்கள். வீட்டில் அறைகள் இரண்டு. நான் வக்கீல் என்றாலும் கணக்கும் எனக்கு வரும்.

"கொஞ்சம் கோவமாத்தான் இருக்காங்க," என்றேன். "நீ திடீர்னு போய் நின்னா காரியம் கெட்டுடும். என்கிட்ட விடு. நான் பேசி இளக வெக்கிறேன்."

அவன் என் கையை முத்தமிட்டான். நான் கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

அன்றிலிருந்து இருவருக்குமே நான் உழைத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் அவன் துனிசியா போய்விட்டான், அங்கிருந்து மால்டா போகப் பார்க்கிறான் என்று சொன்னேன். அவள் பள்ளிக்கூட நிலப்படத்தை விரித்து மால்டாவைத் தேடினாள். "இவ்வளவு சின்ன ஊருல எப்படி அவன் இடிச்சுக்காம நடப்பான்?" என்று சிரித்தாள். மகனிடம், அம்மா நேற்று உன் பெயரைச் சொன்னாள், போன மாதத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்றேன். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள். நானும்தான்.

ஒருமுறை அவன் அம்மாவுக்காக ஒரு சின்ன மேசை செய்து கொடுத்தனுப்பினான். வாதுமை மரம். ஏலத்தில் எடுத்தேன் என்று ஹாஜ்ஜாவிடம் சொன்னேன். அவள் அதன் மேல்பரப்பை உள்ளங்கையால் நெடுநேரம் தடவினாள்.

"இத இழைச்சவனுக்குப் பொறுமை ஜாஸ்தி," என்றாள். "நல்ல கை."

அவள் அறையில் இடமில்லாததால் மேசையை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அன்று அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"வக்கீலு, நான் போயிட்டா வீட்டுக்காரன் பூட்டைப் போட்டுருவான். வஜீஹ் வந்து நிக்க இடமிருக்காது. அதனால நீ என்னைக் கட்டிக்கோ."

நான் அவளையே பார்த்தேன்.

"முழிக்காத. உன் அழகுக்கு நான் மயங்கல. காகிதத்துக்குத்தான். நீ புருஷன்னா வீடு உன் பேருக்கு வரும். அவன் வந்ததும் சாவியை அவன் கையில குடுத்துடணும். அவ்வளவுதான்."

ஐயா, யோசனை அவளுடையது. எந்தச் சாட்சியைக் கேட்டாலும் சொல்வார்கள். திருமணப் பதிவாளர் வீட்டுக்கே வந்தார். பெண்ணுக்குச் சம்மதமா என்று அவர் கேட்டதற்கு, "முழங்கால்தான் சம்மதிக்க மாட்டேங்குது, மத்தபடி பொண்ணுக்குச் சம்மதம்," என்றாள் ஹாஜ்ஜா. கட்டடக் காவல்காரர் தஸூக்கி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சீரு என்ன? பல்செட்டா?" என்று கேட்டார். மாடிப்படி முழுக்கச் சிரிப்பு. அவளும் இருமி இருமிச் சிரித்தாள். கூட்டம் கலைந்த பிறகு என் கையைப் பிடித்து வாக்குக் கேட்டாள். வஜீஹ் வந்தால் சாவி அவனுக்கு. வாக்குக் கொடுத்தேன். வாக்கு விஷயத்தில் நான் எப்போதும் கவனமானவன்.

இனி அந்தப் பிற்பகலைப் பற்றிச் சொல்கிறேன். அதைக் கேட்கத்தானே இங்கே அழைத்திருக்கிறீர்கள்.

காலையிலிருந்து காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. வேறு யாருமில்லை, நான்தான் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். பார்வை என் மேல் நின்றது, ஆனால் என்னிடம் வரவில்லை.

"வஜீஹ்?" என்றாள்.

இல்லை என்று சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்?

"ஆமாம்மா," என்றேன். "வந்துட்டேன்."

அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "வக்கீலுதானே கூட்டிட்டு வந்தான்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியும். நல்ல புள்ள." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினாள். "நீ வந்துட்டேன்னு அவனை உடனே கிளப்பி விட்டுடாத. போக இடமில்ல அவனுக்கு. அந்த ஜன்னல் ரூம்லயே இருக்கட்டும். நாம ஒண்டிக்கலாம்."

சரிம்மா என்றேன்.

அவள் கண் செருகியதும் மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். கீழே வாசலில் வஜீஹ் நின்றுகொண்டிருந்தான். உண்மையில் பெற்ற மகனைச் சொல்கிறேன். சலவைச் சட்டை போட்டிருந்தான். மூத்த பெண்ணின் கையைப் பிடித்திருந்தான். அவள் பெயரும் இக்பால்தான். அவள் கையில் ஒரு பெட்டி தமியெத்தா ஜிலேபி இருந்தது. தஸூக்கி அந்த நேரம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

"இனிமே பொறுக்க முடியல, அண்ணே," என்றான். "காலுல விழுந்துடறேன். அடிச்சா அடிக்கட்டும்."

அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் மூன்று மாடிப் படிகள் மட்டுமே இருந்தன. நான் அவனை மேலே அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. உங்களுடைய முகத்திலேயே தெரிகிறது. நானும் அதை யோசித்தேன், நேர்மையாகத்தான் யோசித்தேன். ஆனால் மேலே ஏற்கெனவே ஒரு மகன் வந்து ஆசீர்வாதம் வாங்கியாகிவிட்டது. ஒரே பிற்பகலில் ஒரு தாய்க்கு எத்தனை மகன்கள் திரும்பி வர முடியும்? இரண்டாவது ஆள் உள்ளே போனால், முதல் ஆள் யார் என்று அவள் கேட்பாளே. அந்தக் கேள்வியோடு அவளைச் சாகவிடுவது கொடுமை.

"இப்பதான் தூங்குறாங்க," என்றேன். "டாக்டர் ஊசி போட்டிருக்கார். அதிர்ச்சி ஆகாதுன்னு சொல்லியிருக்கார். மனசு இளகிடுச்சு, வஜீஹ். ஏறக்குறைய முழுசா இளகிடுச்சு. வெள்ளிக்கிழமை வா. நானே மேல கூட்டிட்டுப் போறேன்."

அவன் அண்ணாந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தான். குழந்தை பெட்டியை நீட்டி, "பாட்டிக்கு," என்றது. வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் மருந்து வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. உடலைக் குளிப்பாட்டிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள். இனிப்பை நான் வீணாக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். தஸூக்கி சொல்ல வேண்டியதையும் சொல்லத் தேவையில்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவன் மேலே வந்து கதவைத் தட்டவுமில்லை, கத்தவுமில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தான் என்று கேள்வி. பிறகுதான் வக்கீல் சங்கத்தில் உங்களிடம் மனுக் கொடுத்திருக்கிறான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. பாவம், துக்கத்தில் இருப்பவன்.

நான் சொன்னதில் எதையும் மறுக்கப் போவதில்லை. திரிப்போலி, துனிசியா, மால்டா எல்லாம் என் கற்பனை. மகனைத் தடுத்தது நான். வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதும் நான்தான். வக்கீல் தொழிலிலிருந்து என்னை நீக்கினால் நீக்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாக்குத் தவறியவன் என்று மட்டும் எழுதாதீர்கள். வஜீஹ் வந்தால் சாவி அவனுக்கு என்பதுதான் வாக்கு. அன்று பிற்பகல் வஜீஹ் வந்தான். அவளே இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

சாவி அவனிடம்தான் இருக்கிறது.