வானம் விழுங்கிய வினைச்சொல்

செங்கமலம், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், மேடையேறும் வரை இதை யாருக்கும் காட்டாதே. டீச்சருக்கும் காட்டாதே. நாளை ஆண்டுவிழாவில் நான் பேசக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். "பொம்பளப் புள்ள மைக்கப் புடிச்சுப் பேசுறதுக்கு நம்ம வீட்டு ஆம்பளைக என்ன செத்தா போனாக?" என்றார். அதனால் எனக்காக நீ பேசு. முதலில் "இது மரியசெல்வி எழுதியது" என்று சொல்லிவிடு. விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். விடியுமுன் வேலி இடுக்கில் செருகிவிடுவேன்.

இனி நீ பேச வேண்டியது.

தலைமை தாங்கி இவ்விழாவைச் சிறப்பிக்கும் தலைமையாசிரியை அவர்களே, வணக்கத்துக்குரிய பங்குச்சாமியார் அவர்களே, பஞ்சாயத்து ரேடியோவின் சாவியை இடுப்பிலே முடிந்திருக்கும் தலைவர் உடையப்பன் மாமா அவர்களே, கடல் கடந்து போனவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே களையெடுக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பெரியப்பா அடைக்கலசாமி அவர்களே, என்னுயிர்த் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'அறிவியலின் அற்புதங்கள்'. அற்புதங்களைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அறிவியலுக்கே இன்னும் அடங்காத ஓர் அந்தி வானத்தைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன்.

சென்ற மாசியில் ஒரு மாலை. சிங்கப்பூர் ஒலிபரப்பிலே, அங்கே உழைக்கும் நம்மவர்கள் ஊருக்குச் சேதி சொல்லும் நேரம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் என் அப்பா சூசைமாணிக்கம் அன்று பேசுவார் என்று தெரிந்து ஊரே ரேடியோவுக்கு முன் கூடியது. அப்பா கப்பலேறியபோது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அவர் முகம் எனக்குப் படத்தில் உண்டு. குரல் எதில் உண்டு? என் அம்மா ஆரோக்கியம்மாள் பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார், ரேடியோவுக்குக் கண் இருக்கிறது என்பதைப் போல.

குரல் வந்தது. காற்றில் ஏறி, கடலைக் கடந்து, கருவேலங்காட்டுக்கு மேலே தவழ்ந்து வந்தது.

"ஆரோக்கியம், நல்லாருக்கியா? செல்வி வளந்துருச்சா?"

அம்மா ரேடியோவைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் குரல் நெளிந்தது, நடுங்கியது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் குமிழியிட்டது. "நான் வரமாட்டேன்..." அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல். இரைச்சல் அடங்கியபோது வேறு யாரோ தன் மகனுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்.

"போச்சுடி, வரமாட்டேங்குறான்," என்றார் மூக்காயி அக்கா. அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

தகப்பன் கைவிட்ட பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பெரியப்பா எனக்குத் திருமயத்தில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பாஸ்குத் திருநாள் கழிந்த ஞாயிறு கோயிலில் முதல் கலியாண ஓலை வாசிக்கப்போகிறார்கள்; வாரம் ஒன்றாக மூன்று ஓலை. அம்மா போட்ட கடிதம் கப்பலில் போய்ப் பதில் வருவதற்குள் மூன்று ஓலையும் வாசித்து முடிந்துவிடும்.

உடையப்பன் மாமா சிரிப்பது தெரிகிறது. "பேட்டரி போயிருக்கும், அதுக்கு ஒரு பிரசங்கமா ஆத்தா?" என்பீர்கள். மாமா, பேட்டரி புதியது. அன்றைக்கு மத்தியானம் திருச்சி நிலையம் கணீரென்று பேசியதே, மறந்துபோச்சா? பழுது பெட்டியில் இல்லை. பழுது வானத்தில்.

அருள்ராணி டீச்சரிடம் கேட்டேன். "முழுசா யாருக்குமே தெரியாது செல்வி. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்," என்றார். மேகத்துக்கும் மேலே, மிக மேலே, வெயில் பட்டு மின்னேறிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்க் குரல் அதில் மோதி, சுவரில் பட்ட பந்தைப் போலத் திரும்பி நம்மிடம் வருகிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் படலத்தின் அடிப்பகுதி கரைந்துபோகிறது. மேலே கனம், கீழே லேசு. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் சும்மா இருக்குமா? குமிழ் குமிழாகக் கிளம்பாதா? அப்படித்தான் அங்கேயும் வெற்றுக் குமிழிகள் கிளம்பிப் படலத்தைக் கிழிக்கின்றன. திருமயம் தார் ரோட்டில் உச்சி வெயிலில் வருகிற பஸ் நெளிந்து நெளிந்து தெரியுமே, அப்படி நெளிகிறது குரல். பூமியின் இடுப்பைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் இந்தக் கலக்கம் அதிகம். நாம் அந்த இடுப்புக்கு அருகில் குடியிருக்கிறோம்.

ருஷ்யாக்காரர்கள் ஏவிய செயற்கைச் சந்திரனின் குரலும் இந்தக் கலக்கத்தில் நடுங்குமாம். ஒருநாள் அப்படிப்பட்ட சந்திரன்களைக் கேட்டே கப்பல்கள் திசை அறியும் என்கிறார்கள். கட்டுமாவடியிலிருந்து வந்திருக்கும் படகுக்காரர்களே, அன்றைக்கும் இந்த அந்தி வானம் குறுக்கே நிற்கும். சந்திரனையே தடுமாற வைக்கும் வானம் ஒரு மூட்டைக்காரரின் சொல்லை விட்டுவைக்குமா?

தாய்மார்களே, நான் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்டது 'வரமாட்டேன்'. நான் கேட்டது 'வரமாட்டேன்னு'. அந்த 'ன்னு' என் காதில் விழுந்தது. வேறு யார் காதிலும் விழவில்லை. உங்களைக் கேட்கிறேன், 'ன்னு' என்று முடிகிற பேச்சு தமிழில் உண்டா? அதற்குப் பின்னால் ஒரு வினைச்சொல் வராமல் எந்தத் தமிழன் வாயை மூடுவான்? வரமாட்டேன்னு நினைக்காதே என்றாரா? வரமாட்டேன்னு அழாதே என்றாரா?

வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். பெரியப்பா அதைத்தான் சொல்வார். இருக்கலாம். அந்த நினைப்பில் நான் தூங்குவதில்லை. ஆனால் அந்த வினைச்சொல்லைச் சொல்ல வேண்டியவர் என் அப்பா. ஊர் அல்ல, உறவு அல்ல, இரைச்சல் அல்ல.

சாமி, ஓலை வாசிக்கும்போது ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பீர்களே. இதோ, ஓலைக்கு முன்னாலேயே சொல்கிறேன். ஒரு கப்பல் போய் வரும் வரை பொறுங்கள். பாதி வாக்கியத்துக்கு என்னைக் கட்டிக்கொடுக்காதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பூசைச் சேலையில் வந்து மூலையில் அமர்ந்திருக்கும் என் அம்மாவுக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.

செங்கமலம், கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பா குரல். இப்போதே கொல்லை வழியாக ஓடிப்போய் வேலியில் வைத்துவிடுகிறேன். நாளை கூட்டத்தில் என்னைக் காணவில்லை என்றாலும் நீ நிறுத்தாமல் பேசு. நான் பயந்துட்டேன்னு