இறங்காத கண்ணாடி

வாகனங்களில் கொம்பனி பூட்டி வருகிற ஸ்பீக்கர்களை நான் குறைசொல்கிறவன் அல்ல. பாட்டுக் கேட்க அவை போதும். நெஞ்சு அதிர வேண்டும் என்கிறவர்கள்தான் பள்ளிமுனையில் இருக்கும் என் கராஜுக்கு வருவார்கள். சத்தத்தைக் கூட்டுகிற அம்பிளிபயர் பூட்டுவதில் மன்னாரில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது விளங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கொன்ஸ்ரன்ரைன் தோட்டவெளியில் மீன் ஏற்றுகிற வான் ஓட்டியவன். தங்கமான மனுசன். ஆனாலும் அவனைக் கண்டால் நான் வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுவேன். காரணம் அவனுடைய அண்ணன் எமிலியானுஸ். சண்டைக் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஊராரை வரிசையாக நடத்தினார்கள். ஜீப்பில் இருந்த ஒருவன் தலையில் சாக்கைப் போட்டபடி, எமிலியானுஸ் கிட்ட வந்தபோது தலையாட்டினான். உடனே அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தது நான். மூன்று நாள் என்னை அடித்திருந்தார்கள். யாராவது ஒருவனுக்குத் தலையாட்டித்தான் ஆகவேண்டும்.

இருபத்தைந்து வருடமாக இது ஒருவருக்கும் தெரியாது என்றே இருந்தேன். போன மாசியில் கொன்ஸ்ரன்ரைன், அம்பிளிபயர் பூட்டச் சொல்லி வானைக் கொண்டுவந்தான். நான் கதவின் உள்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினான்.

“அமிர்தண்ணை, உங்கட கையில இருக்கிற சூட்டுத் தழும்பை நான் அண்டைக்கு ஜீப்பிலயே கண்டனான். அடி தாங்கேலாமல்தானே செய்தனீங்கள். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர மனிசி செலீனாவுக்கும் சொல்லேல்லை. இனி என்னைக் கண்டு பயப்பிடாதேங்கோ.”

தோளைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். நான் கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவுக்குள் போட்டேன். இருபத்தைந்து வருடம் வாய் திறக்காதவன் இருபத்தாறாம் வருடம் திறக்கமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரு பெருநாளில் கொஞ்சம் சாராயம் உள்ளே போனால் போதாதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தோட்டவெளிக்குப் போகிற வழியில் ரோட்டு தண்டவாளத்தைக் குறுக்கறுக்கிற, காவலில்லாத ரயில் கடவை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் உடைமரப் பற்றை. ரயில் கிட்ட வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்கள் ஆட்கள் கடவைக்கு முன்னால் வாகனத்தை நிறுத்தி, பாட்டை நிற்பாட்டி, கண்ணாடியை இறக்கிக் காது கொடுப்பார்கள். கேற்று இல்லாத அந்த இடத்தில் காதுதான் படலை. கொன்ஸ்ரன்ரைன் இதில் ஒரு நாளும் தவறினவன் அல்ல.

அம்பிளிபயரைக் குறையில்லாமல் பூட்டினேன். வெளிச்சத்தம் உள்ளே வராமல் கதவுகளுக்குள் தடித்த ரப்பர் தகடும் ஒட்டினேன். கண்ணாடியை இறக்குகிற வயரை மட்டும் அரைகுறையாகச் செருகினேன். இரண்டாம் நாளே, கண்ணாடி இறங்கவில்லை என்று போன் எடுத்தான். வாற கிழமை பார்த்துத் தாறன் என்றேன். பிறகு ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. அப்படியொரு சத்தத்துக்குள் இருந்தவனின் காது, பாட்டு நின்ற பிறகும் நெடுநேரம் இரைந்துகொண்டிருக்கும். தொழில் தெரிந்தவனுக்கு அது தெரியும்.

நான்காம் நாள் காலையில் ரயில் அவனை அடித்தது. ரயிலை நான் ஓட்டவில்லை.

செத்தவீட்டில் செலீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அண்ணை, வானை உங்களிட்டத்தான் குடுக்கோணும் எண்டு நிண்டவர். அமிர்தண்ணை பயந்து பயந்து சீவிக்கிறார், ஒருக்கா ஆறுதலாக் கதைக்கோணும் எண்டவர். என்ன பயம் அண்ணை உங்களுக்கு?”

“ஒண்டுமில்லை தங்கச்சி,” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கொன்ஸ்ரன்ரைன் பொய் சொல்கிறவன் அல்ல. ஆனால் அவள் பிடித்திருந்தது தழும்புள்ள கையை. பிடித்த இடத்தை இரண்டு தரம் குனிந்து பார்த்தாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாய் குரைத்தாலும் எழும்பிப் படலையைப் பார்க்கிறேன். என்னைக் கெட்டவன் என்று நினைக்கவேண்டாம். நான் பயந்தவன், அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக செலீனா இப்போது ஒரு பழைய கார் எடுத்திருக்கிறாள். அந்தக் கடவையால்தான் போகவேண்டும். நேற்றுக் கோயில் வாசலில் கண்டபோது, காரில் ரேடியோ சத்தம் போதாது, பிள்ளைகளுக்குப் பாட்டென்றால் உயிர் என்றாள்.

நாளைக்கே கொண்டுவரச் சொன்னேன். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.